குவாங்சோ விடுதி வைஃபையும் நான் மறந்துபோன ஒரு செட்டிங்கும்

கண்காட்சி பார்க்க குவாங்சோ போயிருந்தேன். விடுதி வைஃபையில் போன் இணைந்துவிடும், ஆனால் எதுவும் திறக்காது. கூகுளும் வாட்ஸ்அப்பும் சீனாவில் தடை என்பது தெரிந்ததுதான். அவர்களுடைய தேடுதளமான பைடுகூடத் திறக்கவில்லை, தடையைத் தாண்ட ஊரிலேயே போட்டுக்கொண்டு வந்த விபிஎன் செயலி சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. ரோமிங்கை ஆன் செய்தால் மட்டும் எல்லாம் ஓடியது. ரோமிங் டேட்டா நம் ஊர் நிறுவனம் வழியாகத்தான் வெளியே போகும், அங்குள்ள வடிகட்டி குறுக்கே வராது.

விபிஎன் சர்வரை மாற்றினேன், வைஃபையை அழித்துவிட்டுத் திரும்பச் சேர்த்தேன், அறையையே மாற்றித் தரச் சொன்னேன். வரவேற்பில் இருந்த பெண் அதே வைஃபையில் தன் போனில் வீடியோ ஓட்டிக் காட்டினார். இரண்டு நாள் போச்சு.

அப்புறம்தான் நான் தள்ளித் தள்ளி விட்ட அறிவிப்பைப் படித்தேன்: பிரைவேட் டிஎன்எஸ் சர்வரை அணுக முடியவில்லை. தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் முகவரியைத் தேடித் தருவதுதான் டிஎன்எஸ். எப்போதோ பாதுகாப்புக்கென்று ஆண்ட்ராய்டில் அந்த இடத்தில் கூகுளின் டிஎன்எஸ் பெயரை நானே போட்டிருக்கிறேன். பெயர் போட்டுவிட்டால் போன் வேறு டிஎன்எஸ்ஸைத் தொடாது, அந்த ஒன்றோ அங்கே எட்டாது, ஆக எந்தத் தளத்தின் முகவரியும் கிடைக்காது, விபிஎன் சர்வரின் முகவரி உட்பட.

'தானியங்கி' என்று மாற்றினேன், பைடு உடனே திறந்தது. விபிஎன்னும் பிடித்தது, அடிக்கடி அறுந்தாலும். ஆனால் தானியங்கியில் விபிஎன் அறுந்த நேரத்தில் எந்தத் தளத்துக்குப் போகிறேன் என்பது விடுதிக்காரருக்குத் தெரியும். அதனால் மெயில், வங்கி இரண்டும் ரோமிங்கில் மட்டும், லேப்டாப்புக்கும் போன் ஹாட்ஸ்பாட்தான். விடுதி வைஃபை, மேப் பார்க்க மட்டும்தான்.