பின்னூட்டத்தில் ஆசிரியரும் மென்பொருளும் செய்கிற தவறுகள்

304-லிருந்து 158-ஐக் கழிக்கச் சொன்னால் சில பிள்ளைகள் 254 என்று எழுதுவார்கள். சரியான விடை 146. கவனக்குறைவு என்று நினைத்து "திரும்பப் போடு" என்று சொல்லிவிடுகிறோம். அந்த 254-ஐக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 8-ல் 4 போனால் 4, 5-ல் 0 போனால் 5, 3-ல் 1 போனால் 2. மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்க்காமல், பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது பிள்ளை. கடன் வாங்கும் பேச்சே இல்லை. கவனமாகத்தான் போட்டிருக்கிறது, விதிதான் தப்பு. திரும்பப் போட்டாலும் அதே 254 வரும். கழித்தலில் வரும் இப்படிப்பட்ட தவறான விதிகளை 1978-லேயே பிரவுன், பர்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் கணினியில் மாதிரியாக்கிக் காட்டிவிட்டார்கள்.

ஆக, விடையை மட்டும் திருத்துவதுதான் முதல் தவறு, என் கணக்கில் மிகப் பெரியதும் அதுவே. சிவப்புப் பெருக்கல் குறியை ஆசிரியர் போட்டால் என்ன, திரை காட்டினால் என்ன? கர்ட் வான்லேன் என்ற ஆய்வாளர் 2011-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். தனிப்பயிற்சி இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், மனிதர் சொல்லிக்கொடுத்ததன் பலன் 0.79 திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு அது; எண் பெரிதானால் பலனும் பெரிது). ஒவ்வொரு படியையும் சரிபார்க்கும் மென்பொருளுக்கு 0.76. இறுதி விடையை மட்டும் பார்க்கும் மென்பொருளுக்கோ 0.31 தான். தனிப்பயிற்சியின் பலன் 2 திட்டவிலக்கம் என்று 1984-ல் கல்வி ஆய்வாளர் பெஞ்சமின் புளூம் சொன்னதைப் பலர் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆள் பக்கத்தில் உட்கார்ந்தாலே போதும் என்ற நினைப்பும் அதனால்தான் போகவில்லை.

அந்த ஆள் அடிக்கடி கேட்கும் கேள்வி: "புரிஞ்சுதா?" பிள்ளை தலையாட்டும். புரியாதது எது என்று தெரிந்தால்தானே புரியவில்லை என்று சொல்ல முடியும்! "இந்த வரியை ஏன் இப்படி எழுதினாய்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் நாமே விடையைச் சொல்லிவிடுவது அடுத்த தவறு.

மென்பொருளில் இதற்கு ஈடு, துப்புக் கொடுக்கும் ஹின்ட் பொத்தான். பல மென்பொருள்களில் கடைசி ஹின்ட்டில் விடையே இருக்கும். மாணவர்கள் நடுவில் வருவதைப் படிக்காமல் தட்டித் தட்டி அங்கே போய்விடுவதை கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கவனித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். விடையைக் காட்டுவதே கூடாது என்றில்லை. காட்டிய பிறகு, அது எப்படி வந்தது என்று மாணவரைச் சொல்ல வைத்தால் அதுவும் பாடம்தான்.

"நீ புத்திசாலி" என்ற பாராட்டும் பின்னூட்டம் ஆகாது. குளுகர், டெனிசி என்ற ஆய்வாளர்கள் 1996-ல் தொகுத்த ஆய்வுகளில், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பின்னூட்டம் செயல்திறனைக் குறைத்தே இருந்தது. வேலையை விட்டுக் கவனம் தன்மீது திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் வாதம். அப்புறம், விரிவாகக் குறிப்பு எழுதிவிட்டுப் பக்கத்திலேயே மதிப்பெண் போடாதீர்கள். கண் மதிப்பெண்ணுக்குத்தான் போகும்.

இப்போதைய சாட்பாட்களில் ஒன்றைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும். தவறான படியையும் அவை சில சமயம் "அருமை" என்று தட்டிக்கொடுக்கும். பிள்ளையிடம் கொடுப்பதற்கு முன், அந்த 254-ஐ நீங்களே போட்டு, என்ன பதில் வருகிறது என்று பார்த்துவிடுங்கள்.