தசைப் பெயர்களை வாலிலிருந்து படியுங்கள்

மருத்துவக் குறிப்புகளுக்குக் குறியீட்டு எண் போடக் கற்றுத்தரும் மெடிக்கல் கோடிங் வகுப்பில் சேர்ந்த மூன்றாவது வாரம் தசை மண்டலத் தேர்வு வைத்தார்கள். ஐம்பதுக்குப் பதினொன்று வாங்கினேன். மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் பஸ். ஆல்பேட்டையில் நோட்டைத் திறந்தால் அரியாங்குப்பம் வரும்வரை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வருவேன். அப்படிப் படித்தும் பதினொன்றுதான். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்தவள் நான். லத்தீன் பெயர்கள் சரக்கு ரயில்போல நீண்டு வந்து என்னைக் கடந்து போய்க்கொண்டிருந்தன.

பிறகு எனக்கு ஒரு வழி பிடிபட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். வரித்தசை, வரியற்ற தசை, இதயத் தசை என்ற மூன்று வகையும் பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கின்றன, அதற்குள் நான் போகப்போவதில்லை.

படி 1: நோட்டும் உடம்பும்

கோடு போடாத நோட்டு, பென்சில், சிவப்புப் பேனா. இவை போக உங்கள் கையும் காலும் கழுத்தும். மனப்பாட அட்டைகளைக் காட்டும் கைப்பேசிச் செயலிகள் இரண்டை வைத்திருந்து அழித்துவிட்டேன். அட்டையைப் பார்த்தால் எல்லாம் தெரிந்ததுபோல இருக்கும். வெள்ளைத் தாளில் எழுதச் சொன்னால் கை நின்றுவிடும். பெயரைக் கையால் எழுதி, பிரியும் இடங்களில் சிவப்புக் கோடு போட்டு, அந்தத் தசையை உங்கள் உடம்பில் தொட்டுப் பாருங்கள்.

படி 2: பல சொற்கள் கொண்ட பெயர் என்றால் வாலிலிருந்து

ஒரு நாள் தவளக்குப்பத்தில் பஸ் நீண்ட நேரம் நின்றது. நோட்டில் 'லெவேட்டர் லேபியை சுப்பீரியோரிஸ்' என்று இருந்தது. சலிப்பில் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிப் படித்தேன். சுப்பீரியோரிஸ் என்றால் மேல். லேபியை என்றால் உதட்டை. லெவேட்டர் என்றால் தூக்குவது. மேல் உதட்டைத் தூக்கும் தசை! அச்சுப்பிசகாத தமிழ் வாக்கியம் அது.

லத்தீன்காரர்கள் தலைச் சொல்லை முதலில் வைத்து அடைமொழிகளைப் பின்னால் கட்டினார்கள். நாம் அடைமொழியை முன்னால் கட்டுகிறோம். அதனால் அவர்களின் வாலைப் பிடித்தால் நம் தலை வந்துவிடுகிறது. 'ஃப்ளெக்சர் கார்ப்பி அல்னாரிஸ்' என்பதையும் இப்படியே பாருங்கள்: அல்னா எலும்புப் பக்கத்து, மணிக்கட்டை, மடக்கும் தசை. முன்கையில் சுண்டுவிரல் பக்கம் இருக்கும் எலும்பு அல்னா. உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, விரல்களை மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மடக்குங்கள். அந்தப் பக்கத்தில் கயிறுபோல ஒன்று விறைக்கும். பெயர் சொன்ன இடத்தில், பெயர் சொன்ன வேலையையே அது செய்கிறது.

'பைசெப்ஸ் பிரேக்கியை' மேற்கையின் இருதலைத் தசை, அதாவது நம் ஊர் முண்டா. 'பைசெப்ஸ் ஃபெமோரிஸ்' தொடையின் இருதலைத் தசை. வெறும் பைசெப்ஸ் என்று எழுதினால் கையா காலா என்று கேட்பார்கள். வாலை வெட்டாதீர்கள்.

படி 3: ஒட்டிய ஒற்றைச் சொல் என்றால் முன்னிருந்து

மருத்துவச் சொற்களை எப்போதும் கடைசி ஒட்டிலிருந்து பிரிக்க வேண்டும் என்று வகுப்பில் சொன்னார்கள். ஆங்கிலத்தில் யோசிப்பவர்களுக்கு அது சரியாக இருக்கலாம், நமக்கு அது சுற்றுவழி. நோய்களுக்கும் பரிசோதனைகளுக்கும் வைத்த பெயர்கள் பெரும்பாலும் கிரேக்கக் கூட்டுச்சொற்கள். அவை நம் தொகைச்சொல் போலவே முன்னிருந்து பின்னாகக் கட்டப்பட்டவை. பாலி, மயோ, ஐட்டிஸ்: பல தசை அழற்சி. ஃபைப்ரோ, மயோ, ஆல்ஜியா: நார்த் தசை வலி. எலக்ட்ரோ, மயோ, கிராம்: மின் தசை வரைவு. அப்படியே நேராகப் படியுங்கள்.

எலும்புகளின் பெயரைச் சேர்த்து ஒட்டிய தசைப் பெயர்களும் இதே வரிசையில்தான் வரும். 'ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு' என்பதைப் பார்த்து முதல் நாள் நோட்டையே மூடிவிட்டேன். ஸ்டெர்னோ மார்பெலும்பு, கிளைடோ காறை எலும்பு, மாஸ்டாய்டு காதுக்குப் பின்னால் கைக்குத் தட்டுப்படும் எலும்பு முண்டு. முதல் இரண்டும் தசை தொடங்கும் இடங்கள், கடைசி அது போய்ச் சேரும் இடம். கடலூர்–புதுச்சேரி என்று பஸ்ஸில் பலகை மாட்டுவதைப் போல. தலையை இடப்பக்கம் திருப்பிக் கண்ணாடியில் பாருங்கள், வலப்பக்கக் கழுத்தில் இந்தத் தசை புடைத்து நிற்கும்.

படி 4: நான் விழுந்த குழி

பதினோரு மதிப்பெண்ணுக்கு முக்கியக் காரணம் ஒன்று உண்டு. மயோ என்றால் தசை. மயலோ என்றால் தண்டுவடம் அல்லது எலும்பு மஜ்ஜை. பதி என்றால் நோய். 'மயலோபதி' என்று கேட்ட இடத்தில் எல்லாம் தசை நோய் என்று எழுதி வைத்திருந்தேன். ஆசிரியை ஒவ்வொன்றையும் சிவப்பு வட்டத்துக்குள் போட்டிருந்தார்.

எழுத்துக்கூட்டிப் பாருங்கள். எம், ஒய், ஓ என்று முடிந்தால் தசை. நடுவில் ஈ, எல் நுழைந்துவிட்டால் தண்டுவடமோ மஜ்ஜையோதான். சின்ன எழுத்து எல் முதுகெலும்புபோல நேராக நிற்கிறது என்று நான் நினைவு வைத்துக்கொண்டேன். நோய்களுக்கு எண் கொடுக்கும் ஐசிடி 10 குறியீட்டில் இரண்டும் ஒரே ஜி அத்தியாயத்தில்தான் வருகின்றன, அதனால் தவறு கண்ணுக்குத் தப்பிவிடும். மயோபதிகளை ஜி 71, ஜி 72 என்ற பிரிவுகளில் தேட வேண்டும், மயலோபதியை ஜி 95இல். இதைவிடப் பயமுறுத்துவது வேறொரு ஜோடி. மயோமா தசைத் திசுவில் வரும் கட்டி, பெரும்பாலும் தீங்கற்றது. மயலோமா மஜ்ஜையில் வரும் புற்றுநோய். வித்தியாசம் இரண்டே எழுத்து.

மயோ என்ற சொல்லுக்கு மூலம் கிரேக்க மொழியில் எலி. லத்தீனில் மஸ்குலஸ் என்றால் சுண்டெலி. தோலுக்கடியில் தசை அசைவது எலி ஓடுவதுபோலத் தெரிந்திருக்க வேண்டும். வகுப்புத் தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒரு பெரியவர் இருந்தார். சொல்தா தாத்தா என்று கூப்பிடுவோம். இதைக் கேட்டதும் சிரித்துவிட்டு, "பிரெஞ்சிலும் சூரி என்றால் எலிதான் அம்மா. ஆட்டுத்தொடையில் எலும்பை ஒட்டிய சதைக்கும் கறிக்கடையில் அதே பெயர்" என்றார். நம்மிடம் எலி இல்லை, மீன் இருக்கிறது. கெண்டைக்கால்! கெண்டை மீன்போலப் புடைத்திருப்பதைப் பார்த்து வைத்த பெயர் என்றுதான் நினைக்கிறேன். அதே இடத்தில் இருக்கும் 'கேஸ்ட்ராக்னீமியஸ்' என்ற கிரேக்கப் பெயருக்குக் காலின் வயிறு என்று பொருள். நம் பெயர் அழகு.

படி 5: அப்டக்டர், அடக்டர்

முதலாவது உறுப்பை உடலின் நடுக்கோட்டிலிருந்து விலக்கும், இரண்டாவது நடுக்கோட்டை நோக்கி இழுக்கும். வேகமாகச் சொன்னால் காதில் இரண்டும் ஒன்றாகவே விழும். பஸ்ஸில் மூவர் இருக்கையில் காலை அகட்டி உட்காருகிறாரே ஒருவர், அது அப்டக்‌ஷன். ஓரத்தில் ஒடுங்கி உட்காரும் நான் செய்வது அடக்‌ஷன். அடக்கத்தில் உள்ள 'அட' என்று நினைத்துக்கொண்டேன், இன்றுவரை குழம்பவில்லை. அக்குளில் குடையை இடுக்குவதும் அடக்‌ஷன்தான்.

இன்னொரு எச்சரிக்கை. 'நரம்பு இழுத்துக்கொண்டது' என்று வீட்டில் சொல்வது பெரும்பாலும் தசைப்பிடிப்பு. கறிக்கடையில் 'நரம்பை எடுத்துவிட்டுக் கொடுங்கள்' என்றால் அது தசைநாண், தசையை எலும்போடு கட்டும் நார். பழைய கிரேக்கர்களும் இப்படித்தான்: நியூரான் என்ற சொல் முதலில் தசைநாணைக் குறித்தது. அந்தப் பழைய பொருள் 'அப்போநியூரோசிஸ்' என்ற சொல்லில் தங்கிவிட்டது. அது தகடுபோல விரிந்த தசைநாண், நரம்புக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பிற்சேர்க்கை 1: 'எக்ஸ்டென்சர் ஹாலூசிஸ் லாங்கஸ்' என்பதை வாலிலிருந்து படித்து, "நீளமான பெருவிரலை நிமிர்த்தும் தசை என்று வருகிறதே, பெருவிரல் குட்டையாக இருந்தால்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. லாங்கஸ், பிரெவிஸ், மேக்னஸ், மேக்சிமஸ், மினிமஸ் போன்ற அளவுச் சொற்கள் பெரும்பாலும் தசைக்கே சேரும். அவற்றுக்குப் பின் ஒரு காற்புள்ளி போட்டுக்கொள்ளுங்கள்: நீளமான, காலின் பெருவிரலை நிமிர்த்தும் தசை.

பிற்சேர்க்கை 2: இலியம் என்ற பெயரில் இடுப்பெலும்பும் இருக்கிறது, சிறுகுடலின் கடைசிப் பகுதியும் இருக்கிறது, எது எது என்று இரண்டு பேர் கேட்டார்கள். எல்லுக்குப் பின் ஐ வந்தால் எலும்பு, ஈ வந்தால் குடல். கறிக்கடையில் ஈ மொய்ப்பது குடலில்தானே. இலியாக்கஸ் தசை எலும்பிலிருந்து வருவது, அதனால் ஐ.

பிற்சேர்க்கை 3: பழைய நோட்டில் 'பெரோனியஸ்' என்று இருக்கும் தசையைப் புதிய படங்களில் காணவில்லை என்கிறார் திருப்பாதிரிப்புலியூர் வாசகி. காணாமல் போகவில்லை. 1998இல் வெளியான உடற்கூற்றியல் பெயர்ப்பட்டியலில் அதற்கு 'ஃபிபுலாரிஸ்' என்ற பெயர் முதன்மை பெற்றுவிட்டது. மருத்துவர் குறிப்புகளில் பழைய பெயர் இன்னும் வரும். என் நோட்டில் நடுவே சாய்கோடு போட்டு இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன்.