நாஸ்டிக் நூல்களில் மூளை அறிவியலைத் தேடுவோர் சறுக்கும் இடங்கள்

கிறிஸ்தவத்தின் தொடக்க நூற்றாண்டுகளில், அறிதலே விடுதலை தரும் என்று நம்பிய குழுக்கள்தான் நாஸ்டிக்குகள். முதலில் அவர்கள் பெயர். நாஸ்டிக் என்றதும் நாஸ்திகம் நினைவுக்கு வந்தால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள். இது கிரேக்கத்தின் 'க்னோசிஸ்', அதாவது அறிதல். நம் ஞானமும் பிரக்ஞையும் அதே வேரிலிருந்து கிளைத்தவைதான். அந்த உறவு தெரிந்ததுமே 'அப்படியானால் இது அத்வைதம்' என்று முடிவுகட்டுவோர் உண்டு. அத்வைதத்தில் ஆன்மாவைப் பூட்டிவைக்க இரண்டாவது ஆள் கிடையாது. பல நாஸ்டிக் நூல்களிலோ உலகத்தைப் படைத்தவனே அறியாமையில் உழலும் கீழ்க்கடவுள். அவனுக்குக் காவலர் படையும் உண்டு.

பெரிய தவறு இனிமேல்தான். 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாடி அருகே ஒரு ஜாடியில் கிடைத்த காப்டிக் (பழைய எகிப்திய மொழி) ஏடுகளில் 'யோவானின் இரகசிய நூல்' மூன்று பிரதிகளாக இருந்தது. அதில் ஒரு காட்சி. கீழ்க்கடவுள் யால்டபோத்தின் ஆட்கள் ஆதாமைச் செய்கிறார்கள். நீண்ட பிரதியில் மூளைக்கு ஒரு தேவதை, வலக்கண்ணுக்கு ஒரு தேவதை என்று பட்டியலே போகிறது. எல்லா உறுப்பும் பொருத்தியாயிற்று. ஆதாம் மட்டும் அசையவில்லை. பிறகு, தன் தாய் சோபியாவிடமிருந்து எடுத்து வந்த ஆற்றலை யால்டபோத் ஏமாந்துபோய் அவன் முகத்தில் ஊதிவிடுகிறான். உடல் அசைகிறது, ஒளிர்கிறது.

படிக்கும்போது மெய்சிலிர்க்கும். 1995இல் தத்துவவாதி டேவிட் சால்மர்ஸ் 'கடினமான சிக்கல்' என்று பெயரிட்டுக் கேட்டதும் இதுதானே என்று தோன்றும்: மூளையின் வேலைகளையெல்லாம் விளக்கிய பிறகும், அதற்குள் அனுபவம் என்று ஒன்று ஏன் இருக்கிறது?

ஆனால் அந்த ஏட்டை நிதானமாகப் பாருங்கள். ஊதுவதற்கு முன்பே ஏழு சக்திகள் எலும்புக்கு ஓர் ஆன்மா, நரம்புக்கு ஓர் ஆன்மா, சதைக்கு ஓர் ஆன்மா என்று கொடுத்தாயிற்று. ஆகவே வெறும் ஜடத்தில் அனுபவம் எப்படி முளைத்தது என்பது அந்த நூலின் கேள்வியே இல்லை. உள்ளே வந்த ஒளி யாருடையது, அது எப்படி வீடு திரும்பும் என்பதுதான் அதன் தவிப்பு. அந்த மூச்சை 'பிரக்ஞை' என்று பெயர்த்துவிட்டால் தவிப்பு முழுக்கக் காணாமல் போகிறது. எனக்கு அந்த நூலில் ஆகப் பிடித்ததே அதுதான்.

அறிவியல் பக்கமும் இதே அவசரம் உண்டு. பிரக்ஞைக்கு மூளையில் உள்ள அடையாளம் 25 ஆண்டுகளில் தெளிவாகிவிடும் என்று மூளை விஞ்ஞானி கிறிஸ்டோஃப் கோக் 1998இல் சால்மர்ஸிடம் பந்தயம் கட்டினார். 2023இல் தோல்வியை ஒப்புக்கொண்டு வைன் பாட்டில்களைக் கொடுத்தார். 'பார்த்தீர்களா, பழைய ஞானிகள் ஜெயித்துவிட்டார்கள்' என்பது இதிலிருந்து வராது. அடையாளம் இன்னும் தெளிவாகவில்லை, அவ்வளவுதான்.

'நாஸ்டிக்குகள் சொன்னார்கள்' என்று ஒரே சபையைப் போலப் பேசுவதும் தவறு. வாலன்டினஸ் என்ற ஆசிரியரின் வழியினர் வேறு, ஆதாமின் மகன் சேத்தைப் போற்றியவர்கள் வேறு. அவர்களைப் பற்றி நெடுங்காலம் உலகம் அறிந்ததெல்லாம் பெரும்பாலும் லியோன் நகர பிஷப் இரேனியஸைப் போன்ற எதிராளிகள் எழுதியது.

ஒரு வரியை மேற்கோள் காட்டுமுன் மொழிபெயர்ப்பில் சதுர அடைப்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே பாப்பிரஸ் அரித்துப்போயிருக்கிறது. உள்ளே இருக்கும் சொல் பதிப்பாசிரியரின் ஊகம்.