கிளியரிங் ஆபீஸில் புது ஆள்: முதல் மாதத்தை எப்படி அமைப்பது

சென்னை பாரிமுனையில் தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு பக்கம் ஐந்தாறு பேர் பல வருஷமாகச் சேர்ந்து வேலை பார்க்கிற கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸ் (சரக்கைச் சுங்கத்தில் விடுவித்துத் தருகிற அலுவலகம்) என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பாதி விஷயம் எங்கும் எழுதியிருக்காது. எந்த பார்ட்டிக்கு (வாடிக்கையாளருக்கு) போன் போதும், யாருக்கு மெயில் போட்டே ஆகவேண்டும் என்பதெல்லாம் பழைய ஆட்களின் தலைக்குள் இருக்கும். புதிதாக வருகிறவரிடம் "கூடவே இரு, பார்த்துக் கத்துக்கோ" என்று விட்டுவிட்டால் அதில் எதுவும் அவருக்குப் போய்ச் சேராது. ஒருவரை முதல்முறையாகப் பழக்கப்போகிறவர்களுக்காக இந்த வரிசை.

படி 1: வருவதற்கு முந்தின நாள்

புது ஆள் கேள்வி கேட்க ஒரே ஒருவரை முடிவு செய்யுங்கள். மேனேஜர் வேண்டாம். இரண்டு, மூன்று வருஷ அனுபவம் உள்ளவர்தான் சரி. ஆரம்பத்தில் எது புரியவில்லை என்பது அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். அந்த மாதம் அவர் கையில் இருக்கிற ஃபைல்களில் இரண்டையாவது வேறு ஆளுக்கு மாற்றிக் கொடுங்கள். பலரும் தவறுவது இங்கேதான். வேலையைக் குறைக்காமல் பொறுப்பை மட்டும் ஏற்றினால், மூன்றாம் நாளே சொல்லிக்கொடுக்கிறவர் முகம் சுளிக்கும், புது ஆள் வாயை மூடிக்கொள்வார்.

படி 2: முதல் நாள்

பெயர் சொல்லி அறிமுகம் செய்தால் மட்டும் போதாது. "டி.ஓ. வாங்க லைனர் ஆபீஸ் போறது இந்த அண்ணன், டியூட்டி கட்டுற விஷயம்னா அந்த மேடம்" என்று வேலையோடு சேர்த்துச் சொல்லுங்கள். (லைனர் என்பது கப்பல் கம்பெனி; டி.ஓ. என்பது சரக்கை ஒப்படைக்க அது தரும் உத்தரவு.) பி.ஈ. (பில் ஆஃப் என்ட்ரி, சுங்கத்துக்குக் கொடுக்கும் இறக்குமதி விவரப் படிவம்), ஐ.ஜி.எம். (கப்பலில் வரும் சரக்கின் பட்டியல்), டி.ஓ., ஓ.ஓ.சி. (சரக்கை வெளியே எடுக்கச் சுங்கம் தரும் அனுமதி) போன்ற சொற்களுக்கு ஒரு வரி விளக்கத்துடன் ஒரு பக்கத் தாளைக் கொடுங்கள். பழைய கட்டடம் என்றால் கழிப்பறை எந்த மாடியில், சாவி யாரிடம் என்பதை அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். கேட்கக் கூச்சப்பட்டு நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் உண்டு. மதியச் சாப்பாட்டுக்கு யாராவது கூப்பிட்டுப் போகவேண்டும்.

படி 3: முதல் வாரம், முடிந்த ஃபைல்கள்

வேலை முடிந்த ஐந்து இறக்குமதி ஃபைல்களைக் கொடுத்து, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பி.எல். (சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் கம்பெனி தரும் சீட்டு) மூன்றையும் பில் ஆஃப் என்ட்ரியோடு வரிவரியாக ஒப்பிடச் சொல்லுங்கள். முதலில் கன்டெய்னர் நம்பர். சி.எஸ்.கியூ.யூ. 3054383 என்றால் நான்கு எழுத்து, ஏழு எண். கடைசி 3 தனி எண் இல்லை; முன்னால் உள்ள பத்தையும் வைத்துக் கணக்கிட்டு வருவது. இடையில் 5, 4 இடம் மாறினால் அந்தக் கணக்கு உதைக்கும். இதை ஒருமுறை புரியவைத்தால், நம்பரை அப்படியே பார்த்து அடிக்காமல் சரிபார்க்கும் பழக்கம் தானாக வரும்.

அடுத்து துறைமுகக் குறியீடு. சென்னைக்கு ஐ.என்.எம்.ஏ.ஏ.1, எண்ணூருக்கு ஐ.என்.ஈ.என்.ஆர்.1, காட்டுப்பள்ளிக்கு ஐ.என்.கே.ஏ.டி.1. பார்ட்டி "சென்னைக்கு வருது" என்றுதான் சொல்வார். கப்பல் காட்டுப்பள்ளியில் நிற்கும். புது ஆட்கள் தடுக்கி விழுகிற இடம் இது. பார்ட்டி வாய்வார்த்தையை நம்பாமல் பி.எல்.லையும் லைனரின் அரைவல் நோட்டீஸையும் (கப்பல் வரும் அறிவிப்பு) பார்க்கப் பழக்குங்கள்.

படி 4: இரண்டாம் வாரம், செக்லிஸ்ட்

நாளுக்கு இரண்டு செக்லிஸ்ட் (பில் ஆஃப் என்ட்ரி போடும் முன் தயாரிக்கும் வரைவு) போதும். அனுப்பும் முன் பழக்குகிறவர் பார்க்கவேண்டும். இப்படி ஒரு கேள்வி வரும்:

"அண்ணா, பி.எல்.லுல வெயிட் 18,420. பேக்கிங் லிஸ்ட்ல 18,240. எதைப் போடட்டும்?"

"ரெண்டையும் போடாத. பார்ட்டிக்கு மெயில் போடு, பதில் வந்தப்புறம் போடலாம்."

இந்தப் பதிலுக்குக் காரணத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டும்: நாமாக ஒரு எண்ணைத் தேர்ந்தெடுத்தால் தப்பும் நம்முடையதாகிவிடும். அதே சமயம் பதிலுக்குக் காத்துக்கொண்டே இருக்கவும் முடியாது. பொதுவாகக் கப்பல் வரும் நாளுக்கு முந்தின நாள் முடிவதற்குள் பில் ஆஃப் என்ட்ரி போட்டாக வேண்டும். தாமதமானால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதன்பின் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் கட்டணம். இந்த எண்களைச் சொல்லிக்கொடுத்தால் எதை முதலில் எடுப்பது என்று அவரே வரிசைப்படுத்துவார்.

கேள்விக்குக் காலை 11 மணி, மாலை 4 மணி என இரண்டு முறை, பதினைந்து நிமிஷம் ஒதுக்குங்கள். "டவுட் இருக்கா?" என்று கேட்காதீர்கள். "இல்லண்ணா" என்றுதான் பதில் வரும். "இன்னைக்கு எந்த ஃபைல்ல நின்னுச்சு?" என்று கேளுங்கள். தப்பு நடந்தால் ஹாலில் வைத்துச் சத்தம் போடாதீர்கள். அடுத்த தப்பை அவர் மறைப்பார், அது தெரியவரும்போது சரக்கு துறைமுகத்தில் மாட்டியிருக்கும்.

படி 5: மூன்றாம் வாரம், சி.எஃப்.எஸ்.

மணலி, மாதவரம், திருவொற்றியூர் பக்கம் இருக்கிற ஒரு சி.எஃப்.எஸ்.ஸுக்கு (கன்டெய்னர்களை வைத்துச் சோதிக்கிற கிடங்கு), ஒரு எக்ஸாமினேஷனுக்கு (சுங்கத்தின் சரக்குச் சோதனை) கூட்டிப்போங்கள். ஷூ, ஹெல்மெட், ஒளிரும் ஜாக்கெட், அடையாள அட்டை இல்லாமல் கிளம்பவேண்டாம். கன்டெய்னர் சீலை வெட்டும் முன் அதன் நம்பரைப் படித்து பி.எல்.லோடு ஒப்பிடும் வேலையை அவரிடமே விடுங்கள். லாரி வரிசையில் இரண்டு மணி நேரம் போகலாம் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். திரும்ப இருட்டிவிடும் என்றால் வண்டி ஏற்பாட்டை ஆபீஸ் பார்க்கவேண்டும்.

படி 6: மாதக் கடைசி

பொருள் வகை அதிகம் மாறாத ஒரு சின்ன பார்ட்டியை முழுசாக அவரிடம் கொடுங்கள். "இனி இவர்தான் உங்க ஃபைலைப் பார்ப்பார்" என்று பார்ட்டிக்கு நீங்களே மெயில் போட்டு, அவரையும் அதில் சேருங்கள். எச் கார்டுக்கான (கிளியரிங் ஆபீஸ் ஊழியருக்குச் சுங்கம் தரும் அடையாள அட்டை) விண்ணப்பத்தையும் அந்த வாரமே தயார் செய்துவிடலாம். அதற்கான போட்டோவும் சான்றிதழ் நகல்களும் கொண்டுவர ஒரு வாரம் முன்பே சொல்லிவையுங்கள்.