சுங்கை சிப்புட்டிலிருந்து அரிசோனா: பேஜ் ஊரில் தங்கி மூன்று நாள் கேன்யன் பயணம்

மாலை நான்கு மணிக்கு வானம் கறுத்தால் கொடியில் கிடக்கும் துணியை எடுக்க ஓடுவோம். தலைக்கு மேலே மழை இல்லையென்றால் பயமில்லை என்பது நம் தோட்டப்புறத்துக் கணக்கு. அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் இந்தக் கணக்கு ஆளைக் கொன்றுவிடும்: எங்கோ பெய்த மழை, கேன்யன் எனும் பாறைப் பள்ளத்தாக்குக்குள் வெள்ளமாக வந்துவிடும். அதனால்தான் இங்கே விமான டிக்கெட்டைப் பற்றிக் குறைவாகவும், மாதம், தண்ணீர், வெள்ளம் பற்றி அதிகமாகவும் எழுதியிருக்கிறோம்.

தங்கும் இடம் பேஜ். 1957-இல் கிளென் கேன்யன் அணை கட்ட வந்த தொழிலாளர்களுக்காக உருவான ஊர். தோட்டத்தைச் சுற்றி நம் ஊர்கள் முளைத்த மாதிரி அது அணையைச் சுற்றி முளைத்தது. சின்ன ஊர்தான், ஆனால் வால்மார்ட், சேஃப்வே இரண்டும் இருக்கின்றன. பார்க்க வேண்டியவை எல்லாம் காரில் போய்வரும் தூரத்தில்.

படி 1: மாதம்

ஏப்ரல், மே அல்லது அக்டோபர். தீபாவளியை ஒட்டி லீவு எடுக்க முடிந்தவர்களுக்கு அக்டோபர் தோதானது. ஜூலை முதல் செப்டம்பர் வரை வேண்டாம். வெயில் 35 டிகிரியைத் தாண்டும், திடீர் வெள்ளம் அதிகம் வருவதும் அப்போதுதான். பள்ளி விடுமுறையை நம்பி டிசம்பரில் போனால் இரவில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். கேமரன் மலைக் குளிர்சட்டை அதற்குக் காணாது.

படி 2: தாள்கள்

மலேசியக் கடப்பிதழுக்கு அமெரிக்க விசா கட்டாயம். டிஎஸ்-160 படிவத்தை இணையத்தில் நிரப்பி, 185 டாலர் கட்டி, கோலாலம்பூர் தூதரகத்தில் நேர்காணலுக்கு நாள் வாங்க வேண்டும். விசா கையில் வரும் வரை திருப்பிக் கொடுக்க முடியாத டிக்கெட்டை வாங்காதீர்கள். ஜேபிஜே எனும் சாலைப் போக்குவரத்து இலாகாவில் அனைத்துலக ஓட்டுநர் உரிமம் எடுத்துக்கொள்ளுங்கள். வாடகைக் காருக்கு ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும். அண்ணன் கார்டைக் காட்டித் தம்பி ஓட்ட முடியாது. 25 வயதுக்குக் குறைந்தவர்களிடம் பொதுவாகக் கூடுதலாக வசூலிப்பார்கள்.

படி 3: போய்ச் சேர்வது

சுங்கை சிப்புட்டிலிருந்து இடிஎஸ் ரயிலில் கேஎல் சென்ட்ரல், அங்கிருந்து கேஎல்ஐஏ. லாஸ் வேகாஸ் அல்லது ஃபீனிக்ஸ் போகும்படி டிக்கெட் பாருங்கள், வழியில் மாறித்தான் போக வேண்டும். இரண்டு நகரிலிருந்தும் பேஜ் சுமார் 440 கிலோமீட்டர், நாலரை மணி நேர ஓட்டம். இறங்கிய அன்றே ஓட்டாதீர்கள். அரிசோனா நமக்கு 15 மணி நேரம் பின்னால், அங்கே நண்பகல் என்றால் நம் உடம்புக்கு விடியற்காலை மூன்று மணி. ஓர் இரவு தூங்கிவிட்டுக் காலையில் கிளம்புங்கள். இருட்டில் மானும் மாடும் சாலைக்கு வரும்.

வண்டி வலப்பக்கம் ஓடும். சிக்னல் போட நினைத்து வைப்பரைப் போடுவது முதல் நாள் எல்லோருக்கும் நடக்கும். அதைவிட ஆபத்து, ஆளில்லாத சாலையில் இடப்புறம் திரும்பும்போது பழக்கத்தில் தவறான பக்கம் ஏறிவிடுவது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொரு திருப்பத்திலும் ‘வலது, வலது’ என்று சொல்லட்டும். பெட்ரோல் இயந்திரம் அமெரிக்க அஞ்சல் குறியீடு கேட்டு நம் கார்டைத் தள்ளிவிடலாம். உள்ளே கல்லாவில் முன்பணம் கட்டினால் வேலை முடிந்தது. தொட்டியைப் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

படி 4: கடிகாரம்

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். அரிசோனா கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. பக்கத்து யூட்டா மாநிலமும், பேஜை ஒட்டிய நவஹோ பழங்குடி நிலமும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கும். பேஜில் நிற்கும்போதே உங்கள் கைபேசி எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். தானியங்கி நேரத்தை அணைத்து, ‘ஃபீனிக்ஸ்’ என்று கையால் வையுங்கள். முன்பதிவு செய்யும்போது எந்த நேரம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

படி 5: மூன்று நாள்

முதல் நாள் காலை ஆன்டிலோப் கேன்யன். நவஹோ நிலம் என்பதால் அனுமதி பெற்ற வழிகாட்டியுடன்தான் நுழையலாம், இடம் வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். மேல் கேன்யன், கீழ்க் கேன்யன் என இரண்டு. மேல் கேன்யனின் உள்ளே தரை சமம், ஆனால் திரும்பும் வழியில் படிகள் உண்டு; முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஒளிக்கற்றை இறங்குவது வெயில் மாதங்களின் நண்பகலில். கீழ்க் கேன்யனில் செங்குத்தான இரும்புப் படிகள், குறுகலான வழி. பையும் செல்ஃபி கோலும் உள்ளே விடமாட்டார்கள். இதை முதல் நாளே வைப்பதற்குக் காரணம் உண்டு: வானிலையால் ரத்தானால் மறுநாள் இடம் கேட்கலாம்.

அன்று மாலை ஹார்ஸ்ஷூ பென்ட். கார் நிறுத்த 10 டாலர், போக வர 2.4 கிலோமீட்டர் நடை. கொலராடோ ஆறு சுமார் 300 மீட்டர் கீழே வளைந்து போகும். கம்பித் தடுப்பு ஒரு பகுதியில் மட்டும்தான், பிள்ளைகள் கையை விடாதீர்கள்.

இரண்டாம் நாள் கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு. விடியலில் கிளம்பி (நம் மலை அல்ல, அரிசோனாவில் உள்ள) கேமரன் ஊர் வழியாக டெசர்ட் வியூ வாசலில் நுழையுங்கள். 1932-இல் எழுந்த கல் கோபுரம் அங்கேதான். விளிம்பு 2,000 மீட்டருக்கும் மேலே, பேஜைவிடக் குளிரும். இறங்கும் பாதையில் ஆசைப்பட்டு ஆற்றுவரை போகாதீர்கள். இறங்க ஒரு மணி என்றால் ஏற இரண்டு மணி. 2026 ஜனவரி முதல் 16 வயது நிறைந்த வெளிநாட்டவருக்கு இந்தப் பூங்காவில் வழக்கமான கட்டணத்துக்கு மேல் தலைக்கு 100 டாலர், ஆண்டு அட்டை 250 டாலர். குடும்பமாகப் போகிறவர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள்.

மூன்றாம் நாள் காளான் வடிவ டோட்ஸ்டூல் பாறைகள். கானாப் என்ற ஊருக்குப் போகும் தார்ச் சாலை ஓரத்திலேயே வண்டியை விடலாம், குறைந்த நடை. வயர் பாஸ் கேன்யன் இதைவிட அழகு என்றாலும் அதற்குப் போவது மண் சாலை. நனைந்தால் களிமண் டயரை அப்பிக்கொள்ளும், கைபேசிக்கு அலை இருக்காது, வாடகை ஒப்பந்தமும் பெரும்பாலும் மண் சாலைக்கு அனுமதி தராது. முதல் பயணத்தில் விட்டுவிடலாம்.

படி 6: தண்ணீரும் உப்பும்

நம் ஊரில் சட்டை முதுகில் ஒட்டினால்தான் வியர்வை. அங்கே காற்று அத்தனை வறட்சி, வியர்வை தோலுக்கு வந்ததும் காய்ந்துவிடும். ‘எனக்கு வியர்க்கவே இல்லை’ என்று சொல்லிக்கொண்டே உடம்பு வற்றும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் காரில் இருக்கட்டும். நடக்கும்போது மணிக்கு அரை லிட்டர், வெயில் ஏறினால் ஒரு லிட்டர். வெறும் தண்ணீரையே மடமடவென்று குடித்தால் உடம்பில் உப்பு குறைந்து தலைவலியும் குமட்டலும் வரும். உப்புக்கரைசல் பொட்டலமும் புந்தோங் கச்சாங் பூத்தேயும் கைவசம் இருந்தால் போதும். இறைச்சி கலந்த எதையும், பழத்தையும் கொண்டு போகாதீர்கள். மற்ற உணவைச் சுங்கப் படிவத்தில் சொல்லிவிடுங்கள்.

வீட்டு ரைஸ் குக்கரையும் விட்டுவிட்டுப் போங்கள். அங்கே மின்னழுத்தம் 120 வோல்ட், நம்மில் பாதி. பாதி அழுத்தத்தில் கால் பங்கு சூடுதான் வரும், அரிசி ஊறிக்கொண்டே கிடக்கும்.

படி 7: ஒவ்வொரு காலையும் வெள்ள வாய்ப்பைப் பார்ப்பது

மேல் ஆன்டிலோப்பின் நவஹோ பெயருக்கு ‘பாறைகளின் ஊடே நீர் ஓடும் இடம்’ என்று பொருள். அந்த வளைவுகளைச் செதுக்கியதே வெள்ளம்தான். 1997 ஆகஸ்ட் 12 அன்று கீழ்க் கேன்யனில் 11 பயணிகள் இறந்தார்கள். அங்கே பெரிய மழை இல்லை, பல கிலோமீட்டர் மேலே பெய்த மழை ஓடை வழியாக இறங்கி வந்தது. பாறைத் தரை தண்ணீரை உறிஞ்சாது, இரண்டு மீட்டர் அகலச் சந்துக்குள் மொத்த வெள்ளமும் நெருக்கி ஏறும்.

காலையில் அமெரிக்க வானிலைச் சேவையின் தளத்தில் பேஜுக்கு மட்டும் பார்த்தால் போதாது. நீங்கள் நுழையும் ஓடை எங்கிருந்து வருகிறதோ அந்த மேட்டுப் பகுதியையும் பாருங்கள். தெற்கு யூட்டாவுக்குத் திடீர் வெள்ள வாய்ப்பை நான்கு நிலையில் போடுவார்கள்: எதிர்பார்க்கவில்லை, வரலாம், வர வாய்ப்பு அதிகம், வரும். முதல் நிலை இல்லாத நாளில் குறுகிய கேன்யனுக்குள் நுழையாதீர்கள், ஹார்ஸ்ஷூ பென்டையோ டோட்ஸ்டூலையோ அன்றைக்கு மாற்றி வையுங்கள். உள்ளே இருக்கும்போது தண்ணீர் கலங்கினாலும், சுள்ளி மிதந்து வந்தாலும், லோரி வருவது போல் இரைச்சல் கேட்டாலும் வந்த வழியே ஓடப் பார்க்காமல், கைக்கெட்டும் உயரமான மேட்டில் ஏறிக்கொள்ளுங்கள். தண்ணீர் வடிய மணிக்கணக்கில் ஆகலாம், அதுவரை இறங்காதீர்கள்.