கணைய அழற்சியின் கடும் வயிற்றுவலியைத் தணிப்பது எப்படி?

கணையம் திடீரென அழற்சியுற்ற நோயாளி, மேல்வயிற்றில் தொடங்கி முதுகுவரை ஊடுருவும் வலியால் மல்லாந்து படுக்க இயலாமல், பெரும்பாலும் முன்னோக்கிக் குனிந்தே உட்கார்ந்திருப்பார். இத்தகைய வலி, இயல்பின் மேல்வரம்பைப் போல மூன்று மடங்குக்குக் குறையாமல் இரத்தத்தில் உயர்ந்த லைபேஸ் அல்லது அமைலேஸ் என்னும் செரிமான நொதி, ஸ்கேனில் தெரியும் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் நோய் உறுதியாகிறது. ஆனால் அந்த முடிவுகளுக்காக வலிமருந்தைத் தள்ளிப்போடுவது தேவையற்ற கொடுமை; வயிற்றைத் தொட்டுப் பரிசோதித்துக் குறிப்பெழுதியவுடனே தொடங்கிவிடலாம்.

முதலில் வலியை 0 முதல் 10 வரையிலான அளவுகோலில் நோயாளியின் வாயாலேயே சொல்லக் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். கல்லீரல் நன்றாக இருந்தால், 50 கிலோவுக்கு மேல் எடையுள்ள பெரியவருக்குப் பாரசிட்டமால் 1 கிராம் வீதம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை சிரை வழியே கொடுக்கலாம். கடும் வலிக்கு இது மட்டும் போதாது. ஓபியாய்டு, அதாவது மார்ஃபின் போன்ற வலுவான வலிமருந்து, தேவைப்படும். மார்ஃபின், பித்தநாள வாயிலின் தசையை இறுக்கி நோயை மோசமாக்கும் என்று நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. நோயாளிகளிடம் அப்படி நேர்வதற்கு உறுதியான சான்று இல்லை. அந்த அச்சத்தால் விரும்பப்பட்ட பெத்திடின் என்ற மற்றொரு ஓபியாய்டோ, உடலில் நார்பெத்திடின் என்ற பொருளாக மாறித் தேங்கி, குறிப்பாகச் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு, வலிப்பை உண்டாக்கக்கூடியது. அதைத் தவிர்ப்பதே நல்லது. மார்ஃபினை ஒரே மூச்சில் செலுத்தாமல், 2 மில்லிகிராம் வீதம் மெதுவாகக் கொடுத்து, சில நிமிடங்களுக்கொருமுறை வலியை மதிப்பிட்டு, தேவைக்கேற்ப மீண்டும் கொடுக்க வேண்டும். முதியவர்களுக்கு இன்னும் குறைவாகத் தொடங்க வேண்டும். சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்கு ஃபென்டனில் என்ற ஓபியாய்டு ஏற்றது. டைக்லோஃபினாக் போன்ற அழற்சியடக்கும் வலிமருந்துகளை, உடலில் நீர் வற்றியிருக்கும்போதும் சிறுநீர் குறைந்திருக்கும்போதும் தொடவே கூடாது.

ஓபியாய்டு பெறுபவரிடம் மூச்சு குறைவதற்கு முன்பே பெரும்பாலும் மயக்கம் ஆழமாகிறது. ஆகவே ஆக்சிஜன் அளவை மட்டும் நம்பாமல், அவர் எழுப்பினால் விழிக்கிறாரா என்பதையும் நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதையும் பார்க்க வேண்டும். ஓபியாய்டின் விளைவை முறிக்கும் நலாக்சோன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். குமட்டலுக்கும் மலச்சிக்கலுக்கும் தொடக்கத்திலேயே மருந்து எழுதுங்கள்.

வலிமருந்தோடு நீரேற்றமும் சேர்ந்தே செல்ல வேண்டும். ரிங்கர் லாக்டேட் என்ற சிரைவழி உப்புக்கரைசலை, நீர்வறட்சி இருந்தால் முதலில் கிலோவுக்கு 10 மில்லிலிட்டரும், பின்னர் மணிக்குக் கிலோவுக்கு 1.5 மில்லிலிட்டரும் கொடுப்பது பாதுகாப்பானது; இதைப்போல இரு மடங்கு கொடுத்தால் உடலில் நீர் மிகுந்து தீங்குதான் கூடுகிறது என்பதை 2022-இல் வெளியான ஆய்வு காட்டியது. லேசான நோயில், வலி முற்றிலும் நீங்கும்வரை பட்டினி போட வேண்டியதில்லை. பொறுத்துக்கொள்ள முடிந்தால் 24 மணி நேரத்துக்குள் கொழுப்புக் குறைந்த உணவைத் தரலாம்.

அடங்கிவந்த வலி மீண்டும் ஏறினால், மருந்தின் அளவை மட்டும் கூட்டிவிட்டு நகரக் கூடாது. வயிறு இறுகுதல், காய்ச்சல், சிறுநீர் குறைதல், மஞ்சள் காமாலை ஆகியவற்றைத் தேடி, திசு அழுகலோ நீர்த்தேக்கமோ பித்தநாளத் தொற்றோ உண்டா என மூத்த மருத்துவரோடு உடனே ஆராய வேண்டும். பித்தப்பைக் கல்லால் வந்த லேசான அழற்சி எனில், அதே மருத்துவமனைத் தங்கலிலேயே பித்தப்பையை அகற்றுவது நல்லது. அகற்றாமல் அனுப்பினால், நோயாளி இதே வலியோடு திரும்பி வரக்கூடும்.