நடுகல்லை முன்வைத்து விவாதிப்பது எப்படி: பொருள்கோளில் அறிவியல் முறையும் ஜெர்மானிய மரபும்

மனிதர் விட்டுச்சென்ற எழுத்து, சிற்பம் முதலியவற்றுக்குப் பொருள் காண, அதாவது பொருள்கோளுக்கு, அறிவியல் முறையே போதுமா, ஜெர்மானியத் தத்துவ மரபு சொல்வதுபோல் அதற்கெனத் தனி வழி வேண்டுமா என்று தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்து வாசகர் வட்டங்கள் விவாதிக்க விரும்பினால், மேற்கோள்களை விட்டுவிட்டு மாண்ட வீரனுக்கு நட்ட நினைவுக்கல்லான ஒரு நடுகல்லிலிருந்து தொடங்குவது நல்லது. இவ்விரு மாவட்டங்களிலும் அதற்குப் பஞ்சமில்லை.

கல்லிடம் போகும் முன், இரு தரப்பையும் அவற்றின் வலுவான வடிவில் எழுதிக்கொள்ளுங்கள். இயற்கையை விளக்குகிறோம், மன வாழ்வையோ புரிந்துகொள்கிறோம் என்று 1894இல் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் டில்தாய் வகுத்த பிரிவும், வரலாற்று விளக்கமும் பொது விதிகளையே சார்ந்தது என்று 1942இல் அறிவியல் தத்துவ அறிஞர் ஹெம்பல் முன்வைத்த வாதமும் அறிமுகத்துக்குப் போதும். உண்மையான மோதல் பின்னால் வருகிறது. 1960இல் வெளியான ‘உண்மையும் முறையும்’ நூலில் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் காடமர், எந்தப் புரிதலும் முன்தீர்மானங்கள் இன்றித் தொடங்குவதில்லை என்றும், மரபுக்குள் நின்றபடியே நாம் மரபை வாசிக்கிறோம் என்றும் வாதிட்டார். எவரும் எப்படியும் பொருள் சொல்லலாம் என்று அவர் சொன்னதாகத் திரிப்பவரை நெறியாளர் உடனே தடுக்க வேண்டும். பொருள்கோள் என்பது கருதுகோளை முன்வைத்துச் சோதிக்கும் அதே அறிவியல் முறைதான் என்று 1979இல் வாதிட்ட நார்வே நாட்டுத் தத்துவ அறிஞர் ஃபொலெஸ்டாலை எதிர்த்தரப்பில் நிறுத்துங்கள். காடமருக்குத் தகுந்த எதிராளி அவரே.

இனி கல்லுக்கு வருவோம். வில்லும் வாளும் ஏந்திய வீரனின் காலருகே, சில நடுகற்களில், ஒரு கெண்டியும் (மூக்குள்ள நீர்க்கலம்) சிமிழும் (மூடியுள்ள சிறு பேழை) சிறிதாகச் செதுக்கப்பட்டிருக்கும். கெண்டி ஏன் அங்கே இருக்கிறது என்று கேளுங்கள். தகடூர் அதியமானின் நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டி, நாரால் வடித்த கள்ளைச் சிறு கலத்தில் உகுப்பதை ஔவையார் பாடிய புறநானூற்று 232ஆம் பாடல் பலருக்கும் உடனே நினைவுக்கு வரும். ஆகவே அது படையல் கள் என்பார்கள். அறிவியல் தரப்பு இந்த விடையை ஏளனம் செய்யாமல், அது உண்மையானால் வேறு என்னென்ன காணப்பட வேண்டும் என்று கேட்க வேண்டும். கள் என்ற விடை கெண்டிக்குப் பொருந்தினாலும் பக்கத்திலுள்ள சிமிழை விளக்கவில்லை. பாடலுக்கும் கல்லுக்கும் இடையே சில நூற்றாண்டுகள் கழிந்திருக்கலாம். இரண்டும் வீரனின் தகுதியைக் காட்டும் பொருள்கள் என்பது மாற்றுக் கருதுகோள். எந்தெந்தக் கற்களில் இவை சேர்ந்து வருகின்றன, எவற்றில் இல்லை என்று ஒப்பிட்டாலன்றி இரண்டில் ஒன்றைத் தள்ள முடியாது.

காடமர் தரப்பு இங்கே ஒரு நியாயமான கேள்வியை எழுப்பலாம்: ஔவையார் நினைவுக்கு வந்ததே நாம் ஒரு மரபில் வளர்ந்ததால்தானே? ஆம்; அதை ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் ஓர் ஊகம் எங்கிருந்து பிறந்தது என்பது அதற்குச் சான்றாகாது. மரபிலிருந்து பிறந்தது என்பதே அதை மறுக்கும் காரணமும் ஆகாது. இந்த ஒரு விதியை நெறியாளர் விடாப்பிடியாகக் காத்தால், பாதிச் சச்சரவு தானே அடங்கும்.

பகுதியை முழுமையாலும் முழுமையைப் பகுதியாலும் அறிகிறோம் என்னும் பொருள்கோள் வட்டத்தையும் கல்லிலேயே சோதிக்கலாம். வட்டெழுத்து என்னும் பழந்தமிழ் எழுத்தில் பொறித்த வரியொன்றில் ஒரு சொல் சிதைந்திருக்க, ஆநிரைப் பூசலில், அதாவது மாட்டு மந்தைக்கான சண்டையில், வீரன் பட்டான் என்ற பொருளை வைத்து அதைத் ‘தொறு’ (மாட்டு மந்தை) என்று நிரப்பி, பிறகு அந்தத் ‘தொறு’வையே ஆநிரைப் பூசலுக்குச் சான்றாகக் காட்டினால், அது வெறும் சுழற்சி. கல்வெட்டை மை பூசித் தாளில் எடுத்த மைப்படியில் எஞ்சியிருக்கும் கோடுகளும் பிற கற்களின் வாசகமும் அந்த நிரப்பலைத் தாங்குகின்றனவா என்று பார்த்தால் வட்டம் உடைகிறது. இவ்விடத்தில் ஃபொலெஸ்டால் தரப்பே வலுவானது என்பது என் தீர்ப்பு.

ஆயினும் அதே கல் இன்று வேடியப்பன் என்னும் தெய்வமாக வழிபடப்படும் ஊர்களில், பூசை செய்வோருக்கு அது என்னவாக இருக்கிறது என்பதும் பொருள் பற்றிய கேள்விதான். செதுக்கிய காலத்துப் பொருளைக் கண்டறிவதால் அது தீர்ந்துவிடாது. இரண்டையும் தனித்தனிக் கேள்விகளாகப் பலகையில் எழுதி, பேசுவோர் ஒவ்வொருவரும் எதற்கு விடை சொல்கிறார் என்பதை முதலில் அறிவிக்கச் சொல்லுங்கள்.